ஏ.டி.எச்.டி. பரிசோதனைக்குப் போகுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது. மகனுக்கு 7 வயதில் கண்டுபிடித்தார்கள். அவனுக்கு மூத்தவளான மகளுக்கு 13 வயதில். அவர்களுடைய அப்பாவுக்கு 41 வயதில். மூன்றும் பெங்களூரில்தான் நடந்தன. மூன்று முறையும் நான் ஏதாவது ஒரு தப்பு செய்தேன். அல்சூரில் எங்கள் தெருக்காரர்களும் கே.ஆர்.புரத்தில் இருக்கும் உறவினர்களும் எங்கே போவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டாக்டர் அறையின் கதவு வரை எப்படிப் போவது, வெளியே வந்தபின் வீட்டில் என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த பகுதி.

முதலில், இது என்ன

தமிழில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. கவனம் இல்லாமல் இல்லை; அதை வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தும் கை தளர்ந்திருக்கிறது. அதனால்தான் கார்ட்டூன் முன்னால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கும் பிள்ளை கணக்கு நோட்டின் முன் இரண்டு நிமிடம் இருப்பதில்லை. “டிவி பார்க்கும்போது மட்டும் கவனம் வருகிறதே, எல்லாம் கொழுப்பு” என்று சொல்லாத தாத்தா பாட்டி கிடையாது. நொடிக்கு நொடி ஏதாவது நடக்கும் திரையில் யாருடைய கவனமும் தானாக ஒட்டிக்கொள்ளும். சுவையில்லாத வேலையில் உட்கார வேண்டும்போதுதான் இந்தப் பிள்ளைகளின் சிரமம் வெளியே தெரிகிறது.

மூன்று விதமாக இது வரும்: கவனம் சிதறுவது மட்டும், துறுதுறுப்பும் யோசிக்காமல் பாய்வதும் மட்டும், இரண்டும் சேர்ந்து. செல்போன் வந்தபின் வந்த நோய் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் 1902-ல் ஆற்றிய உரைகளிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. சர்க்கரை தின்பதால் வருவதில்லை. அம்மா வேலைக்குப் போவதாலும் வருவதில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு செய்தி 2007-ல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு. இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, முழுத் தடிமனை எட்டுவதற்குச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று அதில் கண்டார்கள். ஆகவே 10 வயது மகன் பையை அடுக்கும்போது நான் 7 வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக்கொள்வேன். அது கணக்குச் சுத்தமான சமன்பாடு இல்லை என்பது தெரியும். ஆனாலும் காலையில் என் குரல் பாதியாகக் குறைந்தது.

அடுத்து, நோட்டு

ஏ.டி.எச்.டி.யைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நீங்களும் ஆசிரியரும் சொல்லும் விவரங்களை வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். எனவே நீங்கள் கொண்டுபோகும் விவரம் மோசமாக இருந்தால் முடிவும் மோசமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

நான் முதல் தடவை கொண்டுபோன காகிதத்தில் “சொன்னால் கேட்பதில்லை, பிடிவாதம், சோம்பல், படிப்பில் அக்கறை இல்லை” என்று எழுதியிருந்தேன். டாக்டர் அம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதில் உங்கள் கோபம் தெரிகிறது, பையன் தெரியவில்லையே” என்றார். இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அப்படி எழுதியதில் ஒரு பக்கம் இது:

“செவ்வாய், காலை 7.20. ஷூ போடச் சொன்னேன். ஷூ எடுக்கப் போனவன் பால்கனியில் புறா கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 7.28, மறுபடி சொன்னேன். ‘சரிம்மா’ என்றான். 7.35-க்குப் பார்த்தால் ஒரு காலில் சாக்ஸ், இன்னொன்று கையில், புறாவோடு பேசிக்கொண்டிருக்கிறான். 7.40-க்கு வேன் போய்விட்டது. அழுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்றான்.”

நேரம், இடம், என்ன வேலை, என்ன செய்தான், எவ்வளவு நேரம், பிறகு என்ன ஆனது. இவ்வளவு போதும். நல்ல நாட்களையும் எழுத வேண்டும். எந்த நாளில் எதனால் நன்றாகப் போனது என்பதில் பாதி வைத்தியம் ஒளிந்திருக்கிறது. குணத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட வேண்டாம்.

டாக்டர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: கவனம் தொடர்பாக 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் தொடர்பாக 9. குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு தொகுதியில் 6 இருக்க வேண்டும். 17 வயது முதல் 5 போதும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது கடைசி நிபந்தனையை: ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் மட்டும் ரகளை, பள்ளியில் தங்கம் என்றால் காரணம் வேறாக இருக்கலாம். ஆகவே வகுப்பு ஆசிரியரிடமும் டியூஷன் அக்காவிடமும் இரண்டு வாரம் கவனித்து நான்கு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். ‘இவனிடம் என்ன குறை’ என்று கேட்டால் ஆசிரியர்கள் பட்டியல் போடுவார்கள். ‘எந்தப் பாடவேளையில், எப்போது எழுந்து நடக்கிறான்’ என்று கேளுங்கள்.

என் இரண்டாவது தப்பு மகள் விஷயத்தில். அவள் ஓடவில்லை, எதையும் உடைக்கவில்லை, யாரையும் தள்ளவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எங்கோ போய்விடுவாள். அரை மணி நேர வீட்டுப்பாடத்தை மூன்று மணி நேரம் செய்வாள். ஒரே வருடத்தில் நான்கு தண்ணீர் பாட்டில் தொலைத்தாள். “நல்ல பெண், கொஞ்சம் கனவு காண்பாள்” என்று ஒவ்வொரு வருடமும் பள்ளியில் சொல்வார்கள், நான் சிரித்துக்கொண்டே வருவேன். பெண் பிள்ளைகள் இப்படித்தான் தப்பிப்போகிறார்கள். சத்தம் போடும் தம்பிக்குத்தான் டாக்டர் கிடைத்தார். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களுக்கும் ஒரு நோட்டு தொடங்குங்கள்.

டாக்டரிடம் போகுமுன், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவை

கண், காது பரிசோதனை. ரத்தசோகை, தைராய்டு. இரவில் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு. சரியாகத் தூங்காத குழந்தை பகலில் தூங்கி வழியாது, குதிக்கும். அதையும் துறுதுறுப்பு என்று நினைத்துவிடுவோம். வலிப்பு நோயின் ஒரு வகையில் பிள்ளை சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும். கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த நொடிகளில் அசையாது. அப்படி இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் போங்கள்.

பெங்களூர்த் தமிழர்களுக்கென்று ஒரு காரணம் உண்டு: மொழி. வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், பாடத்தில் கன்னடம், அதோடு இந்தியும். திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ மூன்றாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை கன்னட வகுப்பில் மேஜையைக் கீறிக்கொண்டிருப்பது கவனக்குறைவா, ஒன்றும் புரியாததா? ஒரு கேள்வியில் பிரித்துவிடலாம்: தமிழில் கதை சொன்னால் கேட்கிறானா, பழைய பள்ளியில் எப்படி இருந்தான்? பழைய பள்ளியின் ஆசிரியருக்கு ஒரு போன் போடுங்கள். இதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும், அவர் கேட்க மறந்துபோகலாம்.

மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் கட்டிக்கொள்ளட்டும். அதற்காக ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

பெங்களூரில் எங்கே போவது

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். நோயை உறுதி செய்ய மாட்டார்கள், வழி சொல்வார்கள்.

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தனித் துறை உண்டு. இந்த ஊரில் ‘நிம்ஹான்ஸுக்குப் போ’ என்பது கேலிப் பேச்சு என்பதால் எங்கள் உறவில் பலர் வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். உள்ளே போனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் நம்மைப் போலத்தான், கையில் டிபன் கேரியரும் மடியில் குழந்தையுமாக. மத்திய அரசு நிறுவனம் என்பதால் செலவு தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு, ஆனால் நேரமாகும். முதல் நாளுக்கு ஒரு முழு நாள் விடுப்பு எடுங்கள், காலையிலேயே போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். போர்டுகளில் ‘மக்கள’ என்று கன்னடத்தில் இருந்தால் குழந்தைகள் என்று பொருள். எங்கள் சித்தப்பா அதைப் பொதுமக்கள் பிரிவு என்று நினைத்து அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். தமிழ் பேசும் மருத்துவர் வேண்டுமானால் தொடக்கத்திலேயே கேளுங்கள். பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.

கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. தனியாரிடம் போவதானால் குழந்தை மனநல மருத்துவர் அல்லது குழந்தை வளர்ச்சி மருத்துவர் என்று தேடுங்கள். அறிவுத்திறன், கற்றல் சோதனைகளைச் செய்பவர் மருத்துவ உளவியலாளராக இருக்க வேண்டும்; இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இன்றைக்கு இந்த ஊரில் தெருவுக்கு ஒரு தெரபி சென்டர் இருக்கிறது. பரிசோதனையே செய்யாமல் 40 வகுப்புக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் உட்காராதீர்கள். நாங்கள் ஒரு முறை உட்கார்ந்தோம்.

உள்ளே, கர்ப்பகாலத்திலிருந்து தொடங்கி எல்லாம் கேட்பார்கள். கேள்வித்தாள்களைப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் தனித்தனியே கொடுப்பார்கள். பிள்ளையோடு விளையாடிப் பார்ப்பார்கள். அந்த அறையில் உங்கள் மகன் சாமி மாதிரி உட்கார்ந்திருப்பான், நீங்கள் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். புது இடம், புது ஆள் என்றால் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே கவனிப்பார்கள், டாக்டர்களுக்கு அது தெரியும். நோட்டைக் கொடுங்கள்.

கூட வருபவை

ஏ.டி.எச்.டி. பல நேரம் தனியாக வருவதில்லை. எழுத்தும் கணக்கும் மட்டும் விடாமல் தடுமாறினால் கற்றல் குறைபாடு. கண்ணைப் பார்த்துப் பேசாமை, ஒரே விஷயத்தில் பிடிப்பு, சத்தம் தாங்காமை இருந்தால் ஆட்டிசத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல்தான் ஏற்றுக்கொண்டது. பெரியவர்களிடம் எதற்கெடுத்தாலும் வாதம், வேண்டுமென்றே சீண்டல், பழிவாங்கும் கோபம் எல்லாம் மாதக்கணக்கில் நீடித்தால் அதற்கு ஓ.டி.டி. என்று பெயர். திருட்டு, மிருகங்களை வதைப்பது, ஆயுதம் எடுப்பது, தீ வைப்பது என்று போனால் அது நடத்தைக் கோளாறு. அப்போது நோட்டெல்லாம் வேண்டாம், உடனே போங்கள். பதற்றமும் மனச்சோர்வும் இவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும், பெண் பிள்ளைகளிடம் இன்னும் நன்றாக.

முடிவு வந்தபின்

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. அதற்கு மேல் பயிற்சியும் மருந்தும். அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து 1999-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, நோயின் முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் பயிற்சி மட்டும் கொடுப்பதைவிட நன்றாகக் கண்காணித்த மருந்து மேல் என்று காட்டியது. ‘மருந்து வேண்டாம், யோகா போதும்’ என்று நானும் ஒரு வருடம் இருந்தேன். அந்த வருடம் அவன் இரண்டாம் வகுப்பில் நண்பர்களை எல்லாம் இழந்தான்.

மெதில்பெனிடேட் என்பது பெரும்பாலும் முதல் மருந்து. குறுகிய வகை நான்கு மணி நேரம், நீண்ட வகை ஒரு பள்ளி நாள் அளவுக்கு வேலை செய்யும். கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடைகளிலும் இருக்காது, அசல் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அலையத் தொடங்குங்கள். அடோமாக்செடின் வேறு வகை. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அடிக்கடி பார்ப்பவை. மகனின் எலுமிச்சை சாதம் மதியம் மூடிகூடத் திறக்காமல் திரும்பி வரும். இட்லியை மாத்திரைக்கு முன் காலையில் ஊட்டுங்கள், இரவு எட்டு மணிக்குத் தானாகப் பசிக்கும், அப்போது நன்றாகக் கொடுங்கள். உயரம், எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.

வீட்டில் அறிவுரை வேலை செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், செய்ய வேண்டிய நொடியில் அது கைக்கு வருவதில்லை. ஆகவே அந்த நொடியில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். ‘பல் தேய்த்து, குளித்து, யூனிபார்ம் போட்டு வா’ என்பது மூன்று வேலை. ஆண்டுப் பரீட்சைக்கு சைக்கிள் என்ற வாக்குறுதியைவிட இப்போதே ஒரு நட்சத்திரம், மாலையில் அதற்குப் பத்து நிமிடம் கேரம் போர்டு என்பது பலமடங்கு ஓடும். மூன்று வாரத்தில் சலித்துவிடும்; பரிசை மாற்றுங்கள்.

பள்ளியில் முதல் வரிசை இடம், கரும்பலகையைத் துடைக்கும் வேலை, பெரிய பாடத்தைத் துண்டாக்கித் தருவது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கூடவே கற்றல் குறைபாடு இருந்தால் அதற்கான சான்றிதழை வாங்கிவிடுங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அதுதான் வழி. ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்கள்

வங்கியில் பணம் இருந்தும் எங்கள் வீட்டில் இரண்டு முறை பெஸ்காம் மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. என் கணவர் பில்லைப் பார்த்தார், கட்ட வேண்டும் என்று நினைத்தார், மறந்தார். ஸ்கூட்டர் அபராதங்கள் ஒரு பக்கம் சேர்ந்தன. அலுவலகத்தில் நெருக்கடி வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து முடிப்பார், சாதாரண வாரத்தில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போகாது. மகனின் கேள்வித்தாளை நிரப்பும்போது “இது என்னைப் பற்றியல்லவா” என்றார். பல பெரியவர்களுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. இந்த வயதில் ஓட்டம் நின்றுவிடும். உள்ளுக்குள் ஓர் அமைதியின்மையும், தள்ளிப்போடுதலும், நேரக் கணக்குத் தவறுவதுமே மிஞ்சும்.

இணையத்தில் ஆறு கேள்விக் கணிப்பு ஒன்று சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியதுதான், நம்பலாம். ஆனால் அது சல்லடை மட்டும், முடிவு இல்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, குடி எல்லாம் இதே முகத்தோடு வரும். பெரியவர்களுக்கான மனநல மருத்துவரிடம் போங்கள், 12 வயதுக்கு முந்தைய ஆதாரத்தோடு.

அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும்? என் மாமியார் கோலார் தங்கவயலில் இருக்கிறார். போன் செய்து, “அத்தை, இவருடைய பழைய ரேங்க் கார்டு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து இறங்கினார். முதல் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை ஏழு கார்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. ஏழிலும் வெவ்வேறு கையெழுத்தில் ஒரே வாக்கியம்: புத்திசாலி, கவனம் போதாது. நான்காம் வகுப்பு ஆசிரியர் மட்டும் ‘மிகவும் கனிவானவன்’ என்று சேர்த்திருந்தார். டாக்டர் ஏழையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். கணவர் அவற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை, “நான் இவனை ரொம்ப அடித்திருக்கிறேன் டாக்டர்” என்றார்.

டின் இல்லாதவர்கள் அண்ணன், அக்கா, பழைய பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது போனில் டாக்டரோடு பேசவைக்கலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உடல்நோய்க்கு இணையாக மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும்; ஆனால் பெரும்பாலான பாலிசிகள் வெளிநோயாளிச் செலவைச் சேர்ப்பதில்லை, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் மருந்துச் சீட்டும் டாக்டர் கடிதமும் இல்லாமல் மாத்திரையை எடுத்துச் செல்லாதீர்கள், சில நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு.

கடைசியாக, மாத்திரைக்கு அலாரம் வைக்கும் வேலையையும் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் தேதியையும் வீட்டில் ஏ.டி.எச்.டி. இல்லாதவரிடம் ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்; காலண்டர் ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.